திருமுக்கூடல் ஆதுலர்சாலையும் நாடித்துடிப்பு உணரியும்

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில், செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் இடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறிக்கப்பட்ட அது, 'வீரசோழன்' என்ற பெயரில் நடந்த ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், செலவைக் கணக்குப் பிசகாமல் தருகிறது: 15 படுக்கைகள், கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்ற மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். இவர்களுக்கான நெல்லும் காசும், ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய தைலங்களும் நெய்களும்கூட எழுதப்பட்டுள்ளன.

மருத்துவர் நோயை எப்படிக் கண்டறிந்தார் என்பதைச் சொல்வது இத்தகைய ஆவணத்தின் வேலை அல்ல. அவர் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார் என்று கற்பனை செய்வதும் அவசரம். வடமொழி மருத்துவ நூல்களில் நாடித் தேர்வு தெளிவாக முதலில் இடம்பெறுவது சார்ங்கதர சம்ஹிதையில்தான்; அந்நூலின் காலம் 13, 14ஆம் நூற்றாண்டு என்பர். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பது எண்வகைத் தேர்வில் ஒன்றாக வளர்ந்தது. ஆட்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. வைத்தியர் தேடியது துடிப்பின் நடையை. நிமிடத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கையை அல்ல. எண்ணும் வழக்கத்துக்கு வழிவகுத்தவர் இங்கிலாந்தின் ஜான் ஃப்ளோயர். நாடி எண்ணுவதற்கென்றே கடிகாரம் செய்வித்து, 1707இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

நாடியை ஒளியால் அளப்பது 20ஆம் நூற்றாண்டின் வேலை. டார்ச் விளக்கை விரலால் மூடினால் விரல் சிவந்து தெரிகிறதல்லவா, அந்த ஒளியின் அளவு இதயத் துடிப்புக்கேற்ப மிக நுட்பமாகக் கூடிக் குறைகிறது. இரத்தம் பாயும்போது அதிக ஒளி உறிஞ்சப்படுவதே காரணம். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இதை ஒளிமின்கலத்தால் பதிவு செய்து ஆராய்ந்தார். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாகுவோ அவோயாகி இரண்டு அலைநீளங்களை ஒப்பிட்டு இரத்தத்தின் ஆக்சிஜன் அளவையும் கணக்கிட வழி கண்டார். கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த பல்ஸ் ஆக்சிமீட்டரின் மூலம் அதுவே.

மின்னணு ஆர்வலர்களிடம் ஒளியால் நாடி அளக்கும் முறை பரவியது 2011க்குப் பிறகு. ஜோயல் மர்ஃபியும் யூரி கிட்மனும் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளியிட்ட 'பல்ஸ் சென்சார்' ஒரு நாணயம் அளவே இருந்தது: பச்சை எல்.இ.டி., ஒளியுணரி, மூன்று கம்பிகள். பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால் துடிப்பு தெளிவாகக் கிடைக்கும். அடுத்து வந்த மேக்ஸ்30100, மேக்ஸ்30102 சில்லுகள் சிவப்பையும் அகச்சிவப்பையும் சேர்த்துத் தந்தன. மலிவான மேக்ஸ்30100 பலகைகள் சிலவற்றில் புல்-அப் மின்தடைகள் 1.8 வோல்ட்டில் இணைக்கப்பட்டிருப்பதால், 5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுயினோ நுண்கட்டுப்பாட்டுப் பலகை அவற்றை அடையாளம் காணாமல் போவதுண்டு. பிழை நிரலில்தான் என்று பலர் வீணாகத் தேடியிருக்கிறார்கள்.

விரலை அழுத்தி வைத்தாலும் அசைத்தாலும் இவை தரும் எண் தடுமாறும். கல்லூரிச் செயல்திட்டத்துக்கு இவை போதும். நோய் நிர்ணயத்துக்குச் சான்றளிக்கப்பட்ட கருவியே வேண்டும்.