அசல் எது? ஒரு பழைய ரோட்ஸ்டர் எழுப்பும் வினா

பழைய மோட்டார் வாகனமொன்றைப் புனரமைக்க முற்படுவோரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படியிருந்ததோ, கடைசித் திருகாணி வரை அப்படியே இருக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. வாகனம் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது, ஆகவே இன்றைய வீதியில் இன்றைய வேகத்தில் பத்திரமாக ஓடுவதற்கு வேண்டிய புதிய உறுப்புகளைப் பொருத்துவதில் தவறில்லை என்பது மற்றக் கட்சி. பொழுதுபோக்குக்காரரின் வீண் வாதமென்று இதனை ஒதுக்கிவிடலாமென்றே பலரும் எண்ணுவர். ஆனால், அசல் என்பது எதில் தங்கியிருக்கிறது என்ற வினா, எமது ஊரின் அண்மைக்கால வரலாற்றையும் வந்து தொடுவதாகவே நான் கருதுகிறேன்.

இந்த வாதத்துக்கு மிகப் பொருத்தமான சான்று எம்.ஜி.பி. என்ற ஆங்கிலேய ரோட்ஸ்டர். எம்.ஜி. என்பது 'மொறிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். இரண்டு இருக்கைகளும் மடக்குக் கூரையும் கொண்ட இந்தக் கார் 1962இல் அறிமுகமாகி, ஒக்ஸ்போர்ட்டுக்கு அருகேயுள்ள ஆபிங்டன் தொழிற்சாலை 1980 ஒக்டோபரில் மூடப்படும் வரை உற்பத்தியானது. கூரை மூடிய வடிவத்தையும் சேர்த்து, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. பணக்காரருக்கான கார் அல்ல இது. சாதாரண மொறிஸ், ஒஸ்டின் குடும்பக் கார்களின் உறுப்புகளைக் கொண்டு, நடுத்தர வர்க்கத்து இளைஞனும் வாங்கக்கூடிய விலையில் கட்டப்பட்டது.

இதற்கு முந்திய எம்.ஜி.ஏ. காரில் உடலும் அடிச்சட்டமும் வேறுவேறாக இருந்தன. எம்.ஜி.பி.யில் தனியான அடிச்சட்டம் இல்லை. உருக்குத் தகடுகளாலான உடலே பாரத்தைத் தாங்குகிறது. எடை குறைந்தது, உறுதி கூடியது. ஆனால், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில் ஈரம் தேங்கித் துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. காரின் முதுகெலும்பே இற்றுப்போகிறது. மேலே வர்ணம் பூசிப் பளபளப்பாக்கிய பின்னும் உள்ளே உயிரற்றுக் கிடந்த கார்கள் எத்தனையோ.

மற்றக் குறைகளும் உண்டு. ஆரம்பகாலக் கார்களில் மின்சாரம் உற்பத்தி செய்தது டைனமோ. இயந்திரம் மெதுவாக ஓடும்போது அது போதிய மின்சாரம் தராது. இருக்கைகளுக்குப் பின்னே தரைக்குக் கீழ் ஆறு வோல்ட் பற்றரிகள் இரண்டு ஒளிந்திருந்தன. மின்சாதனங்களைச் செய்த லூக்காஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசர்' என்ற பட்டத்தை ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சூட்டியிருந்தனர். கியர்ப் பெட்டியில் முன்னோக்கிய கியர்கள் நான்கே. நெடுஞ்சாலையில் இயந்திரம் ஓயாது இரைந்துகொண்டிருக்கும்.

ஆகவே, மாற்றங்கள் படிப்படியாக வந்தன. டைனமோவின் இடத்தில் ஓல்டர்னேற்றர். தேயும் தொடுமுனைகளின் இடத்தில் மின்னணுத் தீமூட்டி. இரண்டு பற்றரிகளின் இடத்தில் பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஒன்று. ஐந்து கியர் பெட்டி. பழைய நெம்புகோல் அதிர்வுதாங்கிகளின் இடத்தில் குழாய் வடிவ அதிர்வுதாங்கிகள். சில மாற்றங்கள் விருப்பத்தால் வந்தவையல்ல. பிரித்தானியாவில் ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஈயம் இல்லாத பெற்றோலில் ஓடும்போது பழைய வார்ப்பிரும்புத் தலையின் வால்வு இருக்கைகள் தேய்ந்து உள்வாங்கிவிடும் என்பதால், கடினமாக்கிய உருக்கு வளையங்களைப் பதிக்கவேண்டியதாயிற்று. 2021இல் பத்து வீதம் வரை எதனோல் கலந்த பெற்றோல் வந்தபோது, பழைய இறப்பர்க் குழாய்களை மாற்றவேண்டியதாயிற்று. தொழிற்சாலை அசலில் பிடிவாதமாக நிற்பவரும் எரிபொருளைத் தாமே வடித்துக்கொள்ள முடியாதல்லவா?

தொழிற்சாலையே தன் காரை மாற்றிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1967இல் மின்னிணைப்பின் நேர்முனை, எதிர்முனை ஒழுங்கு தலைகீழாக மாறியது. 1974இன் பிற்பகுதியில், அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காகக் குரோமியப் பம்பர்கள் நீங்கிக் கறுத்த இறப்பர்ப் பம்பர்கள் வந்தன. கார் தரையிலிருந்து உயர்த்தப்பட்டு, வளைவுகளில் சாயலாயிற்று. கென் கொஸ்டெல்லோ என்பவர் ரோவரின் எட்டு உருளை அலுமினிய இயந்திரத்தை இந்தக் காருக்குள் பொருத்தி விற்கத் தொடங்கினார். அதைப் பார்த்த பின்னரே, உற்பத்தி நிறுவனம் 1973இல் தனது சொந்த எட்டு உருளைக் காரை வெளியிட்டது. அந்த இயந்திரமும் ஆங்கிலேயருடையதன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் வடிவமைத்துக் கைவிட்டதை ரோவர் வாங்கியிருந்தது. இவற்றுள் எந்த ஆண்டின் கார் அசல்?

1988இல் இந்த வினா மேலும் சிக்கலாயிற்று. 'பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிட்டேஜ்' நிறுவனம், எம்.ஜி.பி. உடலின் தகடுகளை அழுத்திய பழைய அச்சுகளைத் தேடித் திரட்டி, முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. துருவேறிய காரிலிருந்து கழற்றிய உறுப்புகளைப் புத்தம் புதிய உடலில் பூட்டிவிடலாம். அந்த உடலின் வழியே எம்.ஜி. ஆர்.வி.8 என்ற கார் 1993 முதல் 1995 வரை ஏறக்குறைய 2,000 எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அவற்றுள் பெரும்பகுதி யப்பானுக்குச் சென்றது.

யப்பானின் பங்கு அத்துடன் முடியவில்லை. ஆங்கிலேய ரோட்ஸ்டர்களின் மீதிருந்த பற்றினாலேயே மஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ்-5 என்ற சிறு ரோட்ஸ்டரை வெளியிட்டது. மூலத்தின் அழகும், மூலத்தில் இல்லாத நம்பகமும் அதில் இருந்தன. இன்று அந்த மஸ்டாவின் கியர்ப் பெட்டியையே பழைய எம்.ஜி.பி.க்குள் பூட்டுகிறார்கள். ஆபிங்டன் வட்டாரத்திலேயே இயங்கும் பிரன்ட்லைன் நிறுவனம் மஸ்டா இயந்திரத்தையும் சேர்த்தே பொருத்துகிறது. பேரனின் இரத்தம் பாட்டனுக்கு ஏற்றப்படுகிறது எனலாம்.

புதிய உடல், வேறொரு நாட்டின் இயந்திரம், வேறொரு காரின் கியர்ப் பெட்டி. பின் எஞ்சுவது பெயர் மட்டும்தானா? பிரித்தானியாவின் வாகனப் பதிவுத் திணைக்களம் இதற்குப் புள்ளிக் கணக்கொன்றை நீண்டகாலம் வைத்திருந்தது. உடல் அல்லது அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள். தொங்கல் அமைப்பு, அச்சுகள், கியர்ப் பெட்டி உள்ளிட்ட செலுத்தல் அமைப்பு, திசைதிருப்பி ஆகிய நான்குக்கும் தலா 2 புள்ளிகள். இயந்திரத்துக்கு 1 மட்டுமே. எட்டுப் புள்ளிகளேனும் தேறினால்தான் பழைய இலக்கம் நிலைக்கும். இந்த விதிகள் 2025இல் தளர்த்தப்பட்டன. நாம் காரின் இதயமென்று கருதும் இயந்திரத்துக்குச் சட்டம் அளித்த மதிப்பு மிகக் குறைவு என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

நீதிமன்றம் இந்த வினாவுக்கு 1990இல் வேறொரு விடையைத் தந்தது. 'ஓல்ட் நம்பர் வன்' எனப்பட்ட பென்ட்லி பந்தயக் கார் 1929இலும் 1930இலும் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் இயந்திரம் மாறியது, அடிச்சட்டம் மாறியது. 1932இல் புறூக்லண்ட்ஸ் பந்தயத்தில் கிளைவ் டன்ஃபி என்ற ஓட்டுநரைப் பலிகொண்ட விபத்தின் பின் அது மீண்டும் கட்டப்பட்டது. பல தசாப்தங்களின் பின் ஒரு கோடி பவுணுக்கு அதனை வாங்க உடன்பட்ட நிறுவனம், இது அந்தக் காரே அல்ல என்று கூறிப் பின்வாங்கியது. 1929இல் வென்ற காரின் உறுப்புகளில் ஏறக்குறைய எதுவுமே எஞ்சவில்லை என்பது உண்மைதான். ஆயினும், நீதிபதி ஒட்டன் இது அசல் 'ஓல்ட் நம்பர் வன்'தான் என்று தீர்ப்பளித்தார். எந்த நாளிலும் அது வேறொரு காராக ஆகிவிடவில்லை. ஒவ்வொரு மாற்றமும் அதே காருக்கு, அறிந்தே செய்யப்பட்டது. வரலாறு இடையறாது தொடர்ந்தது என்பதே அதன் சாரம்.

தமிழருக்கு இந்தத் தீர்ப்பு வியப்பளிக்காது. போர்த்துக்கேயர் இடித்த நல்லூர்க் கந்தன் கோயில் வேறிடத்தில், வேறு கல்லில் எழுந்தது. வழிபடச் செல்பவர் எவரும் அசல் கோயில் எங்கே என்று கேட்பதில்லை.

எனினும், தொடர்ச்சி என்ற பெயரில் எதையும் செய்துவிடலாகாது. உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட 'தூரின் சாசனம்', கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றியது. பிற்கால மாற்றங்கள் வாகனத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் மதிக்கவேண்டும், இயன்றவரை மீளக் கழற்றக்கூடியவையாக இருக்கவேண்டும், கழற்றிய உறுப்புகளைப் பேணவேண்டும், செய்த வேலையைப் பதிவுசெய்யவேண்டும் என்கிறது அது. பதிவு என்பதே இவற்றுள் தலையாயது. மஸ்டா இயந்திரம் பூட்டிய எம்.ஜி.பி.யில் ஏமாற்று ஏதுமில்லை; அதை மறைத்து விற்பதில்தான் இருக்கிறது.

இனி எமது ஊருக்கு வருகிறேன். எம்.ஜி.பி.யின் 1,798 கன சென்ரிமீற்றர் இயந்திரம் 'பி' வரிசை எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூலம் 1947இல் வந்த ஒஸ்டின் ஏ-40 காரின் 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம். அதே குடும்பம் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும், அதன் வழிவந்த இந்தியாவின் அம்பாசிடரிலும் இருந்தது. ஆபிங்டனில் பொழுதுபோக்குக்காகத் துள்ளிய இயந்திரத்தின் மூத்த உறவினர்தாம் யாழ்ப்பாணத்து வீதிகளில் வாடகைக் கார்களாக உழைத்தவர்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் அடங்கியிருந்தது. ஏ-40, மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட் ஆகியவை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே, சிறு போத்தலில் காப்பாற்றி வைத்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இந்த இயந்திரங்களின் அழுத்த விகிதம் 7க்குச் சற்றே மேற்பட்டது என்பதால் தாழ்ந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன, 8.8 விகிதம் கொண்ட எம்.ஜி.பி. அவ்வளவு பொறுத்திராது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது. தீப்பொறிச் செருகிகள் கரியேறின. அத்தனையையும் கையறிவால் சமாளித்தவர்கள் எமது கராஜ் தொழிலாளர். நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்காரியும் வைத்தியசாலை சேர்ந்தது அந்தப் புகையின் நடுவேதான். பத்திரிகையாளனாக நானும் அக்கார்களில் பயணம் செய்திருக்கிறேன்.

அன்றைய கார்களில் எஞ்சியவை இன்று அருமையான பொருள்களாகிவிட்டன. திருமணங்களுக்கு அலங்கரிக்கப்படுகின்றன, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் விலை கேட்கின்றனர். இங்கிலாந்திலிருந்து தருவித்த உறுப்புகளைக் கொண்டு அவற்றை 1950களின் தொழிற்சாலைத் தோற்றத்துக்கு மீட்கவேண்டுமென்ற ஆசை இயல்பானதே. ஆனால், அவ்வாறு மீட்கும்போது, மண்ணெண்ணெய்க்காகப் பொருத்திய குழாயும் போத்தல் தாங்கியும், உள்ளூர்ப் பட்டறையில் கடைந்த உறுப்பும் குப்பைக்குப் போகும். கார் அழகாகும், அந்தக் கார் மட்டுமே சொல்லக்கூடிய சாட்சியம் அழியும். தொழிற்சாலை அசலை உலகின் எந்த மூலையிலும் காணலாம். தடைக்காலத்தின் அசல் எம்மிடம் மட்டுமே இருந்தது.

ஆகவே, பழைய கார் வைத்திருப்போருக்கு நான் கூற விரும்புவது இதுதான். ஓல்டர்னேற்றர் பூட்டுங்கள், நல்ல பிரேக் பூட்டுங்கள். ஓடாத கார் வெறும் இரும்புதான். ஆனால், கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். கழற்றியதை ஒரு பெட்டியில் இட்டு, எது, எப்போது, யார் கையால், எதற்காகப் பொருத்தப்பட்டது என்று எழுதி வையுங்கள். அதைப் பொருத்திய மிக்கானிக் உயிரோடிருந்தால் இன்றே போய்க் கேளுங்கள். உதிரிப்பாகத்தை நாளையும் தருவிக்கலாம். அவருடைய நினைவைத் தருவிக்க வழியில்லை.