தாதியர் பணிக்குப் பெயர் கிடைத்த வரலாறு

நோய்க்குப் பெயரிடுவது ஒன்று. அந்நோயாளிக்குச் செய்யும் பணிவிடைக்குப் பெயரிடுவது மற்றொன்று. முன்னதை ஒழுங்குசெய்யும் முயற்சி இங்கிலாந்தில் 1830-களிலேயே தொடங்கிவிட்டது. பின்னதோ 1973 வரை காத்துக் கிடந்தது. தொற்றும் மூச்சுநோய்களின் வரலாற்றைப் பார்த்தால், இக்காலத் தாழ்வின் விலை விளங்கும்.

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837-இல் ஏற்பட்டது. அதன் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் பார் என்பவர் 1839-இல் ஒரு குறையைச் சுட்டினார். ஒரே நோயை மூன்று நான்கு பெயர்களால் எழுதுகின்றனர். ஒரே பெயரைப் பல நோய்களுக்கும் இடுகின்றனர். அறிவியலுக்கு நிறையும் அளவும் எப்படியோ, மருத்துவக் கணக்குக்குப் பெயரொழுங்கு அப்படி என்பது அவர் கொள்கை. அவருடன் இணைந்து உழைத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் கணக்கெழுத வேண்டுமென்று திட்டம் வகுத்தார். 1860-இல் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவர மாநாட்டில் அது வைக்கப்பட்டது. ஆனால் அப்படிவத்தில் நோய், வயது, தங்கிய காலம், குணமா மரணமா என்பவைதாம் இருந்தன. தாதி என்ன செய்தாள் என்பதற்கு அதில் கட்டமில்லை! தாதியர் குலத்துக்கே தாயெனப் போற்றப்படும் அம்மையாரின் படிவத்திலும் இந்நிலை என்பது வியப்பே.

1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அதனை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது 1943-இல். இடைப்பட்ட அறுபதாண்டுகள் நோயாளியைத் தாங்கியவை எவை? திறந்த சாளரம், ஓய்வு, சத்துணவு, சளிக்கோப்பையை அப்புறப்படுத்தல், வெப்பமானியைப் பார்த்து எழுதுதல் ஆகியவை. பெரும்பாலும் தாதியின் கைவேலை. 1918-இல் பரவிய இன்புளுவன்சாவிலும் அப்படியே. நோயாளி பிழைத்தால் ஏட்டில் 'குணம்' என்று ஒரு சொல் ஏறும். எந்தப் பணிவிடையால் என்பதற்குச் சொல் இராது. சொல்லில்லாத வேலையை எண்ணுவது அரிது, கற்பிப்பது அரிது. அதற்குச் சம்பளம் கேட்பதோ அதனினும் அரிது.

1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டின் கெப்பி, மேரி ஆன் லாவின் என்னும் இரு தாதியர் ஒரு மாநாடு கூட்டினர். தாதி தானே கண்டறிந்து தானே கவனிக்கத்தக்க நிலைகளுக்குப் பெயர்ப்பட்டியல் அங்கே தொடங்கிற்று. 1980-இல் மூச்சைப் பற்றிய மூன்று சொற்கள் அதில் இடம்பெற்றன. தமிழில் அவற்றை மூச்சுவழி துப்புரவாகாமை, மூச்சோட்டம் சீரின்மை, வளிமாற்றக் குறை எனலாம்.

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. முதலாவதில், காற்றுக்குழாயில் சளி தேங்கி நிற்கிறது; இருமி வெளியேற்ற நோயாளிக்கு வலுவில்லை. தாதி அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இருமும் முறையைக் கற்பித்து, வேண்டுமானால் கருவியால் சளியை உறிஞ்சி எடுப்பாள். இரண்டாவதில், மூச்சு மிக விரைவாகவோ மேலோட்டமாகவோ ஓடுவதால் உடலுக்குப் போதவில்லை. மூன்றாவதில், காற்று உள்ளே போனாலும் நுரையீரலின் சிற்றறைகளிலிருந்து பிராணவாயு குருதியில் போதிய அளவு கலக்கவில்லை. பகல் தாதி 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் எழுதிச் சென்றால், இரவுப் பணிக்கு வருபவள் எதைச் செய்வாள்?

1989-இல் சியோலில் கூடிய அனைத்துலகத் தாதியர் மன்றம் உலகுக்கெல்லாம் பொதுவான சொற்றொகுதி வேண்டுமெனத் தீர்மானித்தது. வெள்ளோட்டப் பதிப்புகளைக் கடந்து, அதன் முதல் முழுப் பதிப்பு 2005-இல் வந்தது.

படுக்கையருகே வழங்கும் சொற்கள் இவை. அறைக் கதவில் தொங்கும் சொல் வேறு வகை. அது தாதியின் உயிரையே காப்பது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1970-இல் ஏழுவகைத் தனிமைப்படுத்தலை வகுத்து, கதவில் மாட்ட வண்ண அட்டைகளையும் தந்தது. 1996-இல் அது முறையை மாற்றி, எல்லா நோயாளிக்கும் பொதுவான காப்பு ஒன்றும், தொற்று பரவும் வழிக்கேற்பக் காற்றுவழி, நீர்த்துளிவழி, தொடுவழி என மூன்றும் வைத்தது. 'நீர்த்துளி' என்றால் சாதாரண முகக்கவசம் போதும். 'காற்று' என்றால் இறுகப் பொருந்தும் கவசமும் தனிக் காற்றோட்டமுள்ள அறையும் வேண்டும். ஒரு சொல்லின் வேறுபாடு இத்துணை! 2003-இல் சிங்கப்பூரில் சார்ஸ் கண்ட 238 பேரில் பத்துக்கு நால்வர் மருத்துவப் பணியாளர் என்பதை நினைத்தால் அட்டையின் அருமை புரியும்.

2020 மார்ச் 28-இல் உலகச் சுகாதார நிறுவனம், கோவிட் காற்றுவழி பரவுவதன்று என அறிவித்தது. பின்னர் அக்கூற்றை மாற்ற நேர்ந்தது. பூதவியலார் ஒரு பொருளிலும் மருத்துவர் மற்றொரு பொருளிலும் அதே சொல்லை வழங்கி வந்தமை குழப்பத்தின் வேர்களுள் ஒன்று. பார் 1839-இல் சுட்டிய குறையேதான் இது. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, துளி என்றும் நுண்துகள் என்றும் பிரிக்காமல் 'தொற்றும் மூச்சுத் துகள்கள்' என்னும் ஒரே பெயரை முன்வைத்தது. எந்தத் துகளுக்கு எந்தக் கவசம் என்பதை மட்டும் அது முடிவு செய்யவில்லை.