தியத்தலாவைக் கைதிகளும் பேசாத படமும்

இலங்கையில் சினிமா எப்போது வந்தது என்ற கேள்விக்குத் திரை வரலாற்று நூல்கள் 1901 என்று விடை சொல்கின்றன. அந்த ஆண்டில் ஆளுநர் சர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும், தென்னாப்பிரிக்காவில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டிருந்த போவர் யுத்தக் கைதிகளுக்கும் ஒரு சிறு படம் தனியாகக் காட்டப்பட்டது. போவர்கள் மீது பிரித்தானியா பெற்ற வெற்றி, விக்டோரியா மகாராணியின் இறுதி ஊர்வலம், ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஆகியவை அதில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. தோற்கடிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து அவர்களுடைய தோல்வியையே காட்டியதுதான் இந்தத் தீவின் முதல் திரைக்காட்சி. எழுதுகிறவர்கள் பலரும் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊவாவின் வரலாற்றில் அக்கறை உள்ளவர்கள் அப்படிக் கடந்துபோகக் கூடாது. அந்தக் கைதிகளின் பெருமுகாம் இருந்தது ஊவாவில், தியத்தலாவையில். மௌனப்பட காலத்துப் பிரசாரம் எதனால் வென்றது, எங்கே தோற்றது என்பதை அளந்து பார்க்க அந்த முகாமைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. படத்தில் சொல்லப்பட்ட பொய்யைக் காட்டிலும், படத்துக்குள் வந்தவர்கள் மறுமொழி சொல்ல இடமில்லாமல் போனதே அந்தப் பிரசாரத்தின் பலம் என்பது என் வாதம்.

முதலில் முகாமைப் பார்ப்போம். மலைநாட்டு ரயில்பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அதனால்தான் கொழும்பில் கப்பலால் இறக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை 1900 ஆகஸ்ட் முதல் இந்தக் குளிர்ந்த பத்தனைப் புல்வெளிக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது. இலங்கைக்கு வந்த போவர் கைதிகள் சுமார் 5,000 பேர். முள்கம்பி வேலிக்குள் வரிசை வரிசையாகத் தகரக் கொட்டகைகள். பெரும்பாலானவர்கள் விவசாயிகள், கல்வினிய மரபில் ஊறிய, விவிலியத்தைக் கையோடு வைத்திருந்த மக்கள். அவர்களோடு பிடிபட்ட தளபதி பவுல் ரூ தொழிலால் ஒரு போதகர். முகாமில் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். அவர்களுடைய கல்லறைகள் தியத்தலாவையில் உண்டு. இவர்கள் இங்கே அடைபட்டிருந்த அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் பிரித்தானியப் படை இவர்களுடைய பண்ணைகளைக் கொளுத்தி, மனைவி மக்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்தது. அங்கே இறந்த போவர் பெண்களும் பிள்ளைகளும் 26,000க்கும் மேல். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களில் இறந்தவர்கள் 14,000க்கும் மேல். வெற்றிப் படம் எதைக் காட்டியிருந்தாலும் இதைக் காட்டியிருக்காது.

அந்த யுத்தம்தான் சினிமாப் பிரசாரம் நடை பழகிய களம். டிக்சன், ரோசென்தால் போன்ற சிலர் கமெராவோடு தென்னாப்பிரிக்காவுக்கே போனார்கள். ஆனால் அன்றைய கனத்த கமெராவால் சண்டையை நெருங்கிப் படம்பிடிக்க முடியவில்லை. கிடைத்தவை அணிவகுப்பும் வண்டிகளும் தூரத்துப் புகையும்தான். மக்கள் சண்டையைப் பார்க்க விரும்பினார்கள். ஆகவே லண்டனில் ஆர். டபிள்யூ. பவுல், பிளாக்பர்னில் மிட்சல்–கென்யன், அமெரிக்காவின் நியூஜெர்சியில் எடிசன் நிறுவனம் எனப் பலரும் உள்ளூர் மேட்டிலும் வயலிலும் நடிகர்களை வைத்துப் போவர் யுத்தத்தைத் தயாரித்தார்கள். ஒன்றை மட்டும் கிட்ட நின்று பார்க்கலாம். புல்தரையில் செஞ்சிலுவை வரைந்த ஒரு கூடாரம். காயப்பட்டவரைத் தாதி கவனித்துக்கொண்டிருக்கிறார். குண்டு விழுகிறது, புகை எழுகிறது, ஆட்கள் சரிகிறார்கள். ஒரு நிமிடம்கூட நீளாது. சுட்டது யார் என்று படத்துக்குள் எந்த அடையாளமும் தேவையில்லை. திரைக்குப் பக்கத்தில் நிற்கிற விளக்கக்காரர் “போவர்கள்” என்று சொன்னால் முடிந்தது. மண்டபத்தில் ஒரு போவர்கூட இல்லை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் இப்படங்களைப் பார்த்தவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் வாழ்நாளில் ஒரு போவரைச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

பத்து ஆண்டுகளில் இந்த வித்தை கதைப்படமாக வளர்ந்தது. அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்க மோர்மன் திருச்சபையினருக்கு எதிரான படங்கள். டென்மார்க்கின் நோர்டிஸ்க் நிறுவனத்துக்காக ஆகஸ்ட் புளோம் 1911இல் இயக்கிய ‘மோர்மனின் பலியாள்’ என்ற படத்தில், வசீகரமான ஒரு மோர்மன் போதகர் இளம்பெண் ஒருத்தியை மயக்கி அமெரிக்காவின் யூட்டாவுக்குக் கடத்திப்போகிறார். 1917இல் மே மரே நடித்த ‘மோர்மன் கன்னி’, 1922இல் மான்செஸ்டரைக் களமாகக் கொண்ட ‘மோர்மன்களிடம் சிக்கியவள்’ ஆகியவையும் அதே தடத்தில் நடந்தன. கடைசிப் படத்தில் போதகர் கண்பார்வையாலேயே பெண்ணை வசப்படுத்துகிறார். பேச்சு இல்லாத படத்துக்கு இது வெகு வசதி: வாதம் எதுவும் வேண்டாம், அகலத் திறந்த இரண்டு கண்களின் அண்மைக்காட்சி போதும். போதகர் என்ன போதித்தார், அந்தப் பெண் ஏன் கேட்டாள் என்ற கேள்விகளுக்கே இடமில்லை. யூட்டாவின் ஆளுநர் வில்லியம் ஸ்ப்ரை 1911ஆம் ஆண்டுப் படத்துக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1913இல் மோர்மன் திருச்சபையின் ஆதரவோடு ‘மோர்மனியத்தின் நூறு ஆண்டுகள்’ என்ற நீண்ட படமும் வெளிவந்தது. ஆனால் பணமும் ஒரு மாநில அரசும் பின்னால் இருந்த சமூகத்துக்கே பதில் சொல்வது இவ்வளவு பாடாக இருந்தது என்றால், அவை எதுவும் இல்லாதவர்கள் என்ன செய்திருக்க முடியும்?

இங்கேதான் தியத்தலாவைக் கைதிகள் முக்கியமாகிறார்கள். போவரைப் பற்றிய படத்தைப் போவரே பார்த்தார். எது தன் மண், எது வேறு மண் என்று அவருக்குத் தெரியும். குதிரையில் ஏறுகிற விதமும் துப்பாக்கி பிடிக்கிற விதமும் தெரியும். யுத்தம் இன்னும் முடியவில்லை என்பதும் தெரியும். சமாதானம் கையெழுத்தானது 1902 மே 31ஆம் திகதிதான். அது மட்டுமல்ல, அவர்களுக்குப் பேச ஒரு களமும் இருந்தது. வேலிக்குள்ளேயே ‘டி பிரிக்கல்டிராட்’, ‘டி ஸ்ட்ரெவர்’ போன்ற பத்திரிகைகளைத் தங்கள் மொழியில் நடத்தினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், ஊருக்குப் போன பிறகு நினைவுநூல்கள் எழுதினார்கள். தோற்றவர்களாக இருந்தும் தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொன்னார்கள். எங்கெல்பிரெக்ட் என்ற கைதி, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கி, பின்னர் யால சரணாலயத்தின் முதல் காவலராக ஆனார். வெற்றிப் படத்தைக் காட்டிப் பணியவைக்கலாம் என்று யாராவது எண்ணியிருந்தால், அந்த எண்ணம் இவரைப் போன்றவர்களிடம் பலிக்கவில்லை.

இதற்கு ஒருவர் காலக்கணக்கைக் காட்டி ஆட்சேபிக்கலாம். எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஆகஸ்ட் 9ஆம் திகதி நடந்தது; 1901இல் காட்டிய படத்தில் அது எப்படி இருக்கும்? நியாயமான கேள்வி. மகாராணியின் இறுதி ஊர்வலம் 1901 பெப்ரவரியில் நடந்ததால் அது பொருந்துகிறது. முடிசூட்டு விழா பொருந்தவில்லை. பின்னால் நடந்த வேறொரு காட்சியும் முதல் காட்சியும் சொல்வார் வாயில் ஒன்றாகக் கலந்திருக்கலாம் என்பதே இதற்கு எளிய விளக்கம். ஆனால் இந்தக் குழப்பம் என் வாதத்தைக் குலைக்கவில்லை. எதிரியின் தோல்வி, பழைய அரசியின் மரணம், புதிய அரசனின் மகுடம் என்று நினைவு தானாகவே ஒரு கோவையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சாம்ராஜ்யம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பிய கதை அதுதான்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. போவர்கள் அப்பாவிகளா? ஆப்பிரிக்கரின் நிலத்தைப் பறித்து, அவர்களை அடக்கி வேலை வாங்கியவர்கள்தானே? மோர்மன்களிடம் பலதார மணம் இருந்தது உண்மைதானே? இரண்டும் உண்மை. மோர்மன் திருச்சபை 1890இல்தான் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆனால் பிரசாரப் படங்கள் கேள்வி கேட்டது இந்த உண்மைகளைப் பற்றி அல்ல. போவரிடம் ஆப்பிரிக்கர் பட்ட பாட்டை எந்தப் போலிச் சண்டைப் படமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பிரித்தானியரையும் சுட்டியிருக்கும். பலதார மணத்துக்குள் வாழ்ந்த பெண் தன் வாழ்வைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எந்த மோர்மன் படமும் கேட்கவில்லை. உண்மையான குற்றத்தை விசாரிப்பதற்குச் சாட்சி தேவை. பிரசாரத்துக்கோ சாட்சி வாய் திறந்தாலே ஆபத்து.

இப்போது முள்கம்பி வேலிக்கு வெளியே வருவோம். தியத்தலாவையைச் சுற்றியிருந்த தோட்டங்களில், கைதிகள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே, தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்தன. அவர்களையும் உலகம் படமாகப் பார்த்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு மேலே தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அதற்குப் பிறகு கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்களில் உலகம் சுற்றியது. பின்னர் கமெராவும் வந்தது. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக பசில் ரைட் எடுத்து 1934இல் வெளிவந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ அப்படி எடுத்த படங்களில் மிகப் புகழ்பெற்றது. 1935இல் பிரசல்ஸ் விழாவில் பரிசும் வாங்கியது. பேசும்பட காலத்தில் வந்தாலும் இங்கே படம்பிடித்தபோது கமெராவோடு ஒலிப்பதிவு இல்லை; ஒலி முழுவதும் பின்னர் லண்டனில் சேர்க்கப்பட்டது. கதைசொல்லும் குரல் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டுடையது. அவர் வாசிப்பதோ 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூல். வணிகத்தைப் பற்றிய பகுதியில் உழைப்புக் காட்சிகளின் மேல் ஒலிப்பவை சந்தை விலைகளும் கப்பல் செய்திகளும். கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறைபட்டிருந்த நொக்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு இரண்டரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் படத்தில் குரல் உண்டு. தேயிலையை வளர்த்தவர்களின் சம்பளம், கடன், லயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அழகாகக் காட்டுவதும் அவதூறும் ஒன்றாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றல்ல, நோக்கமும் விளைவும் வேறு. ரைட்டின் படம் கலைத்திறன் மிக்கது. அந்தச் சந்தைக் குரல்களைக் காட்சியோடு மோதவிட்டதில் வணிகத்தின் மீது ஒரு விமர்சனமே இருக்கிறது என்று வாதிடும் விமர்சகர்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் விமர்சனம் செய்தவர் இயக்குநர். அப்போதும் தொழிலாளி பேசவில்லை. செஞ்சிலுவைக் கூடாரத்தைச் சுடும் போவர், கண்ணால் மயக்கும் மோர்மன், புன்னகையோடு கொழுந்து கிள்ளும் பெண் ஆகிய மூவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் மூவரும் ஒரே ஏற்பாட்டில் உருவானவர்கள்: எடுத்தவர் ஒருவர், விளக்கியவர் ஒருவர், பார்த்தவர் வேறொரு நாட்டில், படத்துக்குள் இருந்தவர் எந்த இடத்திலும் இல்லை. அந்த இடைவெளியில் வெறுப்பையும் ஏற்றலாம், அழகையும் ஏற்றலாம். இங்கிலாந்தில் தேநீர் குடித்தவர் மனத்தில் அழகு ஏறியது. இதே ஆண்டுகளில் இலங்கை அரசியல் மேடைகளில் அதே தொழிலாளி அந்நியர், நாட்டுக்குப் பாரம் என்று தீட்டப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் யார் என்று இரு தரப்பும் அவரிடம் கேட்கவில்லை.

தோட்ட மக்கள் வாய் மூடி இருந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகையையே ஆயுதமாக்கினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டாகவே பாடித் தொழிலாளரின் குறைகளைச் சொன்னார். பதுளைக்கு அருகே வெவஸ்ஸ தோட்டத்தில் 1940 மே மாத வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவைக் கலந்து நடப்பதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொண்டார். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற ஏழு ஆசனங்களில் ஒன்று பதுளையில் எஸ். எம். சுப்பையா பெற்றது. மறுமொழி எழத் தொடங்கிய வேளையில்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. தேயிலைப் பெட்டியில் இருந்த பெண்ணின் படம் அப்படியே இருந்தது. அவளுக்கு நாடு இல்லாமல் போனது. பேச இடமில்லாமல் காட்டப்பட்டு வந்த மக்களுக்கு, உரிமை பறிபோனபோது அவர்களை அறிந்து பரிந்து பேசக்கூடிய பொதுமக்கள் கூட்டம் உலகில் எங்கும் தயாராக இருக்கவில்லை. படம்தான் சட்டத்தை இயற்றியது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தின் அநீதி வெளியுலகக் கண்ணில் படாமல் போனதில் படத்துக்கு ஒரு பங்கு உண்டு என்கிறேன்.

இன்று இந்தப் பழைய படங்களில் பல இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. மாணவர்கள் பார்க்கிறார்கள், ஆவணப்படங்களில் துண்டு துண்டாக வெட்டிச் சேர்க்கிறார்கள். பொய் என்று ஒதுக்கவோ அழகு என்று கொண்டாடவோ வேண்டியதில்லை. இவற்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு கட்டாய விசாரணை வேண்டும். இதில் காட்டப்பட்டவர்கள் பார்த்தார்களா, பார்த்திருந்தால் என்ன சொன்னார்கள், அது எங்கே பதிவானது? போவர்களின் முகாம் பத்திரிகைகளை வெற்றிப் படத்தோடு வைத்துப் படிப்பதைப் போலவே, தேயிலைப் படத்தை நடேசய்யரின் எழுத்தோடும், மீனாட்சியம்மாளின் பாட்டோடும், வெவஸ்ஸ தொழிலாளரின் கோரிக்கைகளோடும் சேர்த்தே காட்ட வேண்டும். பதுளையின் பள்ளிகளிலும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் இதைத் தொடங்குவதற்குத் தடை எதுவும் இல்லை. மறுமொழியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைக்காத வரை, நூறு ஆண்டு பழைய பிரசாரம் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.