வண்டிக்கு ஒரு முரட்டுக் கவசம்
அமெரிக்க நாட்டிலே பிக்கப் வண்டிகளின் பின்தொட்டி, கல்லும் மரமும் உராய்ந்து வர்ணமிழந்து துருப்பிடிப்பதைத் தடுக்க முன்னாளில் பிளாஸ்டிக் தட்டொன்றைப் பொருத்திவந்தனர். ஆனால் தட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் தங்கி, காக்க வந்ததே அரிப்புக்குக் காரணமாயிற்று. இதற்குப் பரிகாரமாக அமைந்த பூச்சின் மூலப்பொருள், 1937-இல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் கண்ட பாலியூரித்தேனே. அதற்குரிய திரவங்கள் இரண்டைச் சூடேற்றி, மிகுந்த அழுத்தத்துடன் தெளிப்புத் துப்பாக்கியின் முனையில் கலந்து பீய்ச்சினால், அவை சில விநாடிகளிலேயே இறுகி, உலோகத்தோடு பிரிக்கவொண்ணாதபடி ஒன்றி, காண்டாமிருகத்தின் தோலையொத்த சொரசொரப்பான போர்வையாகிவிடுகின்றன. 1988-இல் ரைனோ லைனிங்ஸ், 1993-இல் லைன்-எக்ஸ் என்று தோன்றிய நிறுவனங்கள் இதைத் தனித் தொழிலாகவே பரப்பின.

தொட்டியளவில் நின்ற இப்பூச்சை, முட்புதர்களிடையேயும் பாறைப் பாதைகளிலும் வண்டியோட்டுவதில் மோகங்கொண்டோர், காலக்கிரமத்தில் வண்டியின் மேனி முழுவதற்குமே பூசத் தலைப்பட்டனர். அழகென்று இதை நான் சொல்லமாட்டேன். வெயிலில் நிறம் மங்கும் ரகங்கள் உண்டு. நசுங்கிய தகட்டைச் சீர்செய்யவோ, பூச்சைச் சுரண்டியெடுப்பதே பெரும் பிரயாசை. காட்டிலும் மலையிலும் உழைக்கும் வண்டிக்கு இது தகும். தார்ச்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு வீண்செலவு.