சில்லின் முதுகில் இருந்த பெயர்

பழைய கணினி ஒன்று கைக்கு வந்ததும் செய்யக்கூடாத முதல் வேலை, சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது. ஆசை யாரை விட்டது? நானும் போட்டிருக்கிறேன். நாற்பது வருடம் மூலையில் கிடந்த மின்வழங்கிக்குள் இருக்கும் காகிதக் கண்டென்சர் நம்ம ஊர் ஈரத்தை உறிஞ்சி வெடிப்பு விட்டிருக்கும். கரண்டு பாய்ந்த சில நிமிடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு வீடு முழுக்க நாற்றப் புகை. அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா கேட்டார்: "இந்தக் குப்பைய எங்கருந்துடா தூக்கிட்டு வர்ற?"

சிரம்பானில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து என்று அன்றைக்குச் சொல்லிச் சமாளித்தேன். அம்மாவின் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான் லாபுக்காரன். நீலாய்க்கும் சிரம்பானுக்கும் நடுவில், கொமுட்டர் ரயில் நின்று போகும் சின்ன ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுவியல் படித்தேன். வேலை நாளில் புது இயந்திரங்களோடு மாரடிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பழையதோடு. என்னைப் போல ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவரிடம் நினைவகச் சில்லு மிஞ்சினால் இன்னொருவருக்குப் போகும். ஒருவரிடம் ஆசிலாஸ்கோப் இருந்தால் அவர் வீட்டில்தான் எல்லோருக்கும் தேநீர்.

புகை கக்கிய அந்தக் கணினி ஆப்பிள் 2இன் பெயரில்லாத நகல். ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது 1977இல். அதன் கையேட்டிலேயே முழு மின்சுற்று வரைபடமும் இருந்தது. உள்ளே இருந்த சில்லுகளில் பெரும்பாலானவை எந்தக் கடையிலும் கிடைக்கக்கூடியவை. அதனால் தைவானிலும் ஹாங்காங்கிலும் நகல்கள் குவிந்தன. பிற்காலத்தில் சவுண்ட் கார்டுக்குப் பேர்போன சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம்கூட 1984இல் 'கியூபிக் 99' என்று ஆப்பிள் 2க்கு ஒத்துப்போகும் ஒரு கணினியைத்தான் கொண்டு வந்தது. மேற்கில் கமடோர் 64, சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்று 1982இல் வந்தவற்றைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நம்ம பக்கத்தில் பல வீடுகளுக்கு முதலில் வந்தவை இந்த நகல்கள்தான்.

மின்வழங்கியைச் சரி செய்த பிறகும் கணினி எழவில்லை. ஆப்பிள் 2 உயிரோடு இருந்தால் போட்டவுடன் 'பீப்' என்று ஒரு குரல் கொடுக்கும். என்னுடையது ஊமையாக, திரை முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகளைக் கொட்டிவிட்டு நின்றது. இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மின்னழுத்தம்: கூட்டல் 5, கூட்டல் 12, கழித்தல் 5, கழித்தல் 12 வோல்ட் நான்கும் ஒழுங்காக வருகிறதா? 4116 வகை நினைவகச் சில்லுகளுக்குக் கழித்தல் 5 கிடைக்காவிட்டால் அவை சூடாகிச் செத்தே போகும். அடுத்து, கடிகாரத் துடிப்பு இருக்கிறதா? பிறகு நினைவகம். இதில் எட்டு எட்டாக மூன்று வரிசை, ஆக 24 சில்லு. எல்லாமே சாக்கெட்டில் செருகியவை. முதல் வரிசையில் உள்ளதைக் கழற்றி மூன்றாவதோடு மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே நகர்கிறதா என்று தெரிந்துவிடும். நகரவில்லை. அப்படியென்றால் நினைவகம் குற்றவாளி இல்லை. அதற்கு முகவரி எடுத்துக் கொடுக்கும் 74எல்எஸ்153 சில்லுகள் நான்கில் ஏதோ ஒன்று.

அந்த நான்கையும் கழற்றி மேசை விளக்கின் கீழ் வைத்தேன். கால்கள் கறுத்திருந்தன. முதுகைத் துடைக்க ஆல்கஹாலில் பஞ்சைத் தோய்த்தபோதுதான் ஒன்றில் அந்த எழுத்து கண்ணில் பட்டது. பகுதி எண், 8319 என்று நான்கு இலக்கம், அதற்குக் கீழே பொடியாக ஆங்கிலத்தில்: மலேசியா.

இந்த எழுத்தை அதற்கு முன்பு நூறு முறையாவது பார்த்திருப்பேன். பழைய கணினி சேகரிக்கும் எவருக்கும் இது புதிதில்லை. அமெரிக்கக் கணினி, ஆங்கிலேயக் கணினி, ஜப்பான் விளையாட்டுப் பெட்டி, எதைத் திறந்தாலும் உள்ளே எங்காவது ஒரு மலேசியா இருக்கும். சில சில்லுகளில் டெக்சஸ் மாநிலத்தின் வரைபடமே நிறுவனச் சின்னம். அதற்குப் பக்கத்தில் மலேசியா. பார்த்ததை நான் படித்ததில்லை, அவ்வளவுதான்.

8319 என்பது பிறந்த தேதி. 1983ஆம் ஆண்டின் 19ஆவது வாரம், அதாவது மே மாதம். பிறந்த இடம் என்று மலேசியாவைச் சொன்னாலும் அது பாதி உண்மைதான். சிலிக்கான் தட்டில் மின்சுற்றைப் பதிக்கும் வேலை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கும். அந்தத் தட்டுகள் விமானத்தில் இங்கே வரும். இங்கே துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் சட்டத்தில் ஒட்டி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் அதன் ஓரங்களைக் கால்களோடு இணைத்து, கறுப்புப் பிசினில் மூடி, சோதித்து, கடைசியில் முதுகில் மை குத்தி அனுப்புவார்கள். 16 கால் உள்ள சில்லுக்கு 16 கம்பி. ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு கம்பியையும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி ஒரு பெண் இணைத்தாள்.

ஏன் இங்கே? 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதே ஆண்டில் தடையற்ற வாணிப வலயங்களுக்கான சட்டமும் வந்தது. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் முதல் வலயம் எழுந்தது. இண்டெல் தனது முதல் வெளிநாட்டு ஆலையை அங்கேதான் கட்டியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அதே ஆண்டு கோலாலம்பூருக்கு வந்தது. சுங்கைவே, மலாக்காவின் பத்து பிரண்டாம், பிறகு சிரம்பான் பக்கம் என்று ஆலைகள் பரவின. 1980களில் உலகின் மிகப் பெரிய சில்லு ஏற்றுமதி நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வரிச்சலுகையும் ஆங்கிலம் தெரிந்த அதிகாரிகளும் ஒரு காரணம். சம்பளம் குறைவு என்பது இன்னொன்று. பெண்களின் விரல் மெல்லியது, பொறுமை அதிகம் என்று அன்றைய விளம்பரங்களிலேயே சொன்னார்கள்.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கம்பத்திலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். 'மீனா காரான்' என்று ஊர் அவர்களைக் கேலி பேசியது. காரான் என்றால் கரண்டு. 1987இல் வெளிவந்த மானுடவியலாளர் ஐவா ஓங்கின் நூல் சிலாங்கூரின் கோலலங்காட் வட்டாரப் பெண் தொழிலாளர்களைப் பற்றியது. நுண்ணோக்கியில் குனிந்திருந்த பெண்கள் திடீரென்று பேயைப் பார்த்ததாக அலறியதும், ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி என்று கூடம் முழுக்கப் பரவியதும், ஆலையையே சில நாள் மூட வேண்டி வந்ததும் அதில் இருக்கின்றன. சேகரிப்பாளர்களின் கூட்டத்தில் இந்தப் பேயைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

அந்த வரிசையில் தமிழ்ப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். என் அத்தை ஒருத்தி.

அத்தை லாபு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், ரப்பர் மரம் வெட்டிய குடும்பம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கும் தோட்டத்தில் வேலை குறைந்துகொண்டே வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டால் ஏக்கருக்குத் தேவைப்படும் கைகள் குறைவு. 1981இல் தோட்டத்து முச்சந்தியில் ஓர் ஆலையின் பஸ் வந்து நின்றது. பத்தொன்பது வயது அத்தை ஏறிக்கொண்டார்.

அந்தச் சில்லை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

"அத்த, இது நீங்க வேல பாத்த கம்பெனியா பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க கம்பெனி சின்னம் இது இல்லடா. ஆனா எல்லாம் ஒரே வேலதான். நான் பாண்டிங்ல இருந்தேன்."

பிறகு பேசினார். மூன்று ஷிஃப்ட். வாரத்துக்கு ஒரு தடவை மாறும். தலைக்குத் தொப்பி, வெள்ளை அங்கி. முகத்துக்குப் பவுடர் போடக்கூடாது, தூசி விழுமாம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை என்று கணக்கு. கணக்குக் குறைந்தால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். எதுவும் பேச மாட்டார், நிற்பார், அவ்வளவுதான். "தோட்டத்துல கங்காணி கத்துவாரு. கத்துனா திருப்பிக் கத்தலாம். இவரு சும்மா நின்னா என்னத்தடா சொல்றது?"

இதைக் கேட்டபோது எனக்குப் பாட்டி சொன்ன கதைகள் ஞாபகம் வந்தன. தோட்டத்தில் எவ்வளவோ கொடுமை. ஆனால் அங்கே சங்கம் இருந்தது. 1954இல் பல சங்கங்கள் சேர்ந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். சண்டை போடவாவது ஓர் இடம். மின்னணு ஆலைகளில் தேசிய அளவில் சங்கம் அமைக்கப் பல ஆண்டுகள் அனுமதியே இல்லை. 1988இல்தான், அதுவும் அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கும் சங்கங்களுக்கு, அரசு வழிவிட்டது. மகள் ஏசி அறைக்குப் போய்விட்டாள் என்று சந்தோஷப்பட்ட குடும்பத்துக்கு, தாயிடம் இருந்த ஒன்று மகளுக்கு இல்லாமல் போனது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஐந்து வருடத்தில் அத்தைக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் நிரந்தரமாயின. கல்யாணம் வந்தது, வேலையை விட்டார். வேலை செய்ததற்கு அடையாளமாக இன்று அவரிடம் இருப்பது ஒரே ஒரு குழுப் புகைப்படம்.

தமிழும் கணினியும் என்றால் நமக்குத் தெரிந்த வரலாறு ஒன்று உண்டு. நான் திருத்திக்கொண்டிருந்த கணினிக்கு ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகூடத் தெரியாது. 40 பத்தி, 24 வரி, எல்லாம் பெரிய எழுத்து. அதே 1980களில் நம் நாட்டின் முத்து நெடுமாறன் தமிழைத் திரையில் கொண்டுவர 'முரசு' மென்பொருளில் இறங்கினார். கனடாவிலிருந்து ஸ்ரீனிவாசனின் 'ஆதமி' வந்தது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றினார். பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். இந்தக் கட்டுரையை நான் தமிழில் தட்டச்சு செய்ய முடிவதே அவர்களால்தான்.

ஆனால் அது எழுத்தின் வரலாறு. கையின் வரலாறு அதற்குச் சில வருடம் முன்பே தொடங்கிவிட்டது. தமிழ் எழுத்து கணினிக்குள் நுழைய வழி தேடிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப் பெண்களின் கைவேலை ஏற்கனவே சில்லுகளுக்குள் உட்கார்ந்திருந்தது. எழுத்தின் வரலாற்றில் பெயர்கள் இருக்கின்றன, ஆண்டுகள் இருக்கின்றன. கையின் வரலாற்றில் ஒரு நாட்டின் பெயர் மட்டும் இருக்கிறது, அதுவும் மையில். வாஸ்னியாக் எந்த வாரத்தில் எந்தச் சுற்றை வரைந்தார் என்று சேகரிப்பாளர்கள் மணிக்கணக்கில் வாதாடுவோம். அந்தச் சுற்றுக்குள் கம்பி இணைத்தவர்களில் ஒருவரின் பெயரைக்கூடச் சொல்ல எங்களால் முடியாது.

எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒன்று. ஆல்கஹால் அழுக்கை மட்டும் கரைப்பதில்லை. சில நிறுவனங்கள் குத்திய மையையும் கரைத்துவிடும். இந்தப் பழக்கம் தொடங்கிய முதல் இரண்டு வருடம், பலகை பளபளவென்று இருக்க வேண்டும் என்று எத்தனையோ சில்லுகளின் முதுகைத் தேய்த்திருக்கிறேன். மீட்டெடுப்பு என்ற பெயரில் நானே அழித்த மலேசியாக்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது.

கோளாறு அந்த மலேசியாச் சில்லில்தான் இருந்தது. வேறு வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். நண்பர் கொடுத்த வேறு நாட்டுச் சில்லு ஒன்றைச் செருகினேன். 'பீப்'. திரையில் ஒற்றை அடைப்புக்குறி, பக்கத்தில் கண் சிமிட்டும் கட்டம். நாற்பது வருடத்துக்குப் பிறகு கணினி பேசியது, தன்னிடமிருந்த மலேசியாவை இழந்துவிட்டு.

அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்கு வந்தார். திரையைப் பார்த்து, "இது என்ன பண்ணும்?" என்றார். கூட்டல் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெரிதாக அசரவில்லை.

"அன்னைக்குக் கொண்டு வந்தியே, அத தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல அத்த, இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். படிக்க முடியவில்லை.

"நம்பர் என்னடா?"

"எட்டு மூணு ஒண்ணு ஒம்போது."

"எம்பத்து மூணு" என்றார் உடனே. அந்த நான்கு இலக்கத்தின் அர்த்தத்தை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "அந்த வருசம் முழுக்க நைட் ஷிஃப்ட்டுலதான் கெடந்தேன்."

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தப் பலகையையும் துடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சில்லின் பகுதி எண், தேதி இலக்கம், நாடு மூன்றையும் எழுதிவிடுகிறேன். கடைசிப் பக்கங்களில் வேறொரு பட்டியல். எந்த ஆலை, எந்த வருடம், எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட் என்று அத்தை சொன்னதும், அத்தையின் பஸ்ஸில் ஏறிய மற்ற நான்கு பேரைத் தேடிப் போய்க் கேட்டதும். அவர்களில் இருவருக்கு எழுபது நெருங்குகிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். சின்னம்மாவோ பெரியம்மாவோ, "அப்ப கொஞ்ச நாளு ஃபேக்டரிக்குப் போனேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர். எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.