சோனாகாச்சிப் பிள்ளைகளின் கேமரா

கல்கத்தாவில் நான் உத்தியோகம் பார்த்த நாட்களில், சித்பூர் ரோடு டிராமில் ஷோபாபஜார் பக்கம் அடிக்கடி போவதுண்டு. சோனாகாச்சி நெருங்கியதும் உடன் வரும் வங்காள நண்பர் பேச்சை மாற்றுவார். நானும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பேன். அந்தச் சந்துகளில் குழந்தைகளும் வளர்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்ற பின் ஒருநாள் என் மகள் 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' என்ற ஆவணப்படத்தைப் போட்டுக் காட்டினாள். பாதியில் எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஜானா பிரிஸ்கி லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இறையியல் படித்துவிட்டுப் புகைப்படக்காரரானவர். 1990களின் இறுதியில் அங்குள்ள பெண்களைப் படமெடுக்க வந்தார். கேமராவைக் கண்டாலே முகத்தை மறைத்துக்கொள்ளும் இடம் அது. எனவே அங்கேயே தங்கிப் பழகினார். பெரியவர்கள் தயங்கினார்கள், பிள்ளைகளோ கேமராவை விட்டு நகரவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆளுக்கொரு சாதாரண ஃபிலிம் கேமரா கொடுத்து வகுப்பு தொடங்கினார்.

கழுவி வந்த சிறு பிரிண்டுகளைப் பரப்பி, எது நன்றாக வந்திருக்கிறது, ஏன் என்று பிள்ளைகளையே சொல்ல வைக்கிறார். எனக்குப் பிடித்த காட்சி இதுதான். நம் பள்ளிக்கூடங்களில் யார் நம்மிடம் ஏன் என்று கேட்டார்கள்?

பஸ் பிடித்துக் கடற்கரைக்கும் அழைத்துப் போகிறார். வாளி ஒன்றை முன்னால் வைத்து ஒரு பையன் அங்கே எடுத்த படம் கண்ணிலேயே நிற்கிறது. அவனை ஆம்ஸ்டர்டாமில் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள். அதற்குப் பாஸ்போர்ட் வாங்கப் பட்ட பாடு இருக்கிறதே! காகிதம், கையெழுத்து, மறுபடி காகிதம். முப்பது வருஷம் ஃபைல் புரட்டியவன் நான். எனக்கே கூச்சமாக இருந்தது.

ராஸ் காஃப்மனும் பிரிஸ்கியும் சேர்ந்து இயக்கிய இப்படம் 2005இல் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் சோனாகாச்சிப் பெண்களின் சொந்த அமைப்பான துர்பார் மகிளா சமன்வய கமிட்டி படத்தைக் கடுமையாக விமர்சித்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தாய்மார் பாடுபடுவதைப் படம் காட்டவில்லை என்றது. அது நியாயமான குறைதான். வெளியூர்க்காரர் வந்து காப்பாற்றும் கதையாகவே படம் நகர்கிறது. இருந்தாலும் கேமராவைக் கையில் கொடுத்தவர் அவர்தானே என்றாள் மகள். எங்களுக்குள் அன்று ராத்திரி பெரிய வாக்குவாதம்.

விடுதிப் பள்ளியில் சேர்ந்தவர்களில் சிலர் நிலைக்கவில்லை. சிலரைத் தாய்மாரே திரும்ப அழைத்துக்கொண்டார்கள், சிலர் தாமாகவே வந்துவிட்டார்கள். படத்தின் இறுதி எழுத்துகளே இதை மறைக்காமல் சொல்கின்றன. ஆம்ஸ்டர்டாம் போன பையன் பின்னாளில் அமெரிக்காவில் சினிமா படித்தான்.

மறுநாள் மகள் ஆபீஸ் போனபின், படத்தை மறுபடி போட்டு அந்தச் சந்துகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.