கோப்புப் பூட்டும் இரவு நகலும்

1984இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 3.0 இயங்குதளத்தின் ‘ஷேர்’ என்னும் நிரல், ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடாதபடி கோப்புப் பூட்டை, அதாவது பிறர் அணுகலைத் தற்காலிகமாகத் தடுக்கும் ஏற்பாட்டை, மேசைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 1992இல் அறிமுகமான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், தரவுத்தளத்தைத் திறந்திருக்கும் கணினிகளின் பெயர்களை ‘எல்டிபி’ என்ற துணைக்கோப்பில் குறித்துவைக்கும் முறையைக் கொண்டிருந்தது. வலையமைப்பின் மறுமுனையில் ஒருவர் தரவுத்தளத்தை மூடாமலே வீடு திரும்பினால், இரவில் ஓடும் காப்புநகல் நிரல் அக்கோப்பை விட்டுவிட்டுச் சென்றது, அல்லது பாதி எழுதிய நிலையிலேயே படியெடுத்தது. இரண்டாவதே கொடிது, ஏனெனில் அப்பழுது மீட்கும் நாளில்தான் வெளிப்படும். ஆகவே நிர்வாகிகள் தொலை இணைப்புகளை முதலில் துண்டித்தனர். விண்டோஸ் சர்வர் 2003, எழுத்துப்பணியைச் சில நொடிகள் நிறுத்தி வட்டின் அக்கண நிலையைப் பிடிக்கும் நிழற்படி முறையைத் தந்தபின், பூட்டிய கோப்பையும் நகலெடுக்க முடிந்தது. எனினும் அம்முறையோடு ஒத்துழைக்காத தரவுத்தளத்துக்கு அந்நகல், மின்சாரம் திடீரென நின்ற கணத்து வட்டுக்கு நிகரானதே.